பன்னிரண்டு மஞ்சள் மழைக்கோட்டு

பிள்ளைகளைத் தொண்டுக்கு அழைத்துப் போகும் சேவை வகுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. சைகோனுக்கு வந்த முதல் வருடமே அது என் தலையிலும்தான் விழுந்தது. காரைக்காலில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். இங்கே பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் அதே வேலை என்று நம்பி வந்தேன். "கணக்கு டீச்சர்தானே, எண்ணிக் கூட்டிக்கொண்டு போய் எண்ணிக் கூட்டி வந்துவிடுவீர்கள்" என்று சிரித்துக்கொண்டே வெள்ளிக்கிழமை மதியங்களை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அவர்கள் வேடிக்கைக்குச் சொன்னார்கள். நான் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டேன்.

எப்படிப் படிவம் நிரப்புவது, எந்தப் பேருந்தை அமர்த்துவது என்பதெல்லாம் அலுவலகத்தில் சொல்லித்தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு மதியத்தைப் பற்றி. அன்று நான் செய்த தவறுகள் மூன்று. முதல் இரண்டும் யாருக்கும் நேரக்கூடியவை. மூன்றாவதுதான் இத்தனை வருடம் கழித்தும் தொண்டையில் நிற்கிறது.

எட்டாம் வட்டாரத்தில் கால்வாய் ஓரமாக ஒரு சந்து. இரண்டு மோட்டார் பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். முதல் தடவை போனபோது பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம் கொடுத்து அழைத்துப் போனேன். சோப்பு, பிஸ்கட், துண்டு. சந்துக்காரர்கள் இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து நன்றி சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் தொண்டு முடிந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்போது வந்தார் அந்தச் சந்தின் குடியிருப்புத் தலைவி. தென்வியட்நாமில் பிறந்த வரிசையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அவரை எல்லோரும் ஐந்தாம் அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சொந்தப் பெயர் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. தெருமுனையில் சூப் நூடுல்ஸ் கடை. குரல் மட்டும் சந்தின் அந்தக் கோடி வரை கேட்கும்.

"டீச்சர், அடுத்த வாரம் கைய வீசிக்கிட்டு வாங்க" என்றார். என் அரைகுறை வியட்நாமியத்துக்கு ஏற்றபடி மெதுவாகச் சொன்னார். "பொட்டலம் கொண்டாந்தா நாங்க நன்றி சொல்லணும். வெறுங்கையோட வந்தா ஒக்காரச் சொல்லுவோம். ஒக்காந்தா எது வேணும்னு தானா தெரியும்."

நான் படித்த பயிற்சிக் கையேடு எதிலும் இது இல்லை. அதன் பிறகு பொட்டலத்தை விட்டோம். பிள்ளைகள் வீடுவீடாகப் போய் உட்கார்ந்தார்கள். ஒருவன் ஒரு கிழவருக்கு லாட்டரி முடிவு வாசித்துக் காட்டினான். இரண்டு பேர் ஐந்தாம் அக்காவின் கடையில் கீரை ஆய்ந்தார்கள். மதுமிதா என்ற பெண், பன்னிரண்டு வயது, ஹோவா அம்மாளின் வீட்டைப் பிடித்துக்கொண்டாள். மதுவின் அப்பா சென்னைக்காரர், தூ டுக் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஹோவா அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் வயது, கால் எலும்பு முறிந்து தொடை வரை மாவுக்கட்டு. அண்ணன் மகன் ஒருவன் கூட இருந்தான், கட்டட வேலைக்குப் போய் ஆறு மணிக்குத்தான் திரும்புவான். மது அந்த அம்மாளுக்குத் தலை வாரிவிடுவாள், தண்ணீர் எடுத்துத் தருவாள். ஐந்தாம் அக்காவின் கடைக்குட்டி லான் பக்கத்தில் உட்கார்ந்து மதுவின் வியட்நாமிய உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். லானுக்குப் பத்து வயது, ஆனால் வயதை மீறிய உயரம்.

நான் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. மழைக்காலத்தின் கடைசி. அந்த மாதங்களில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மாலையில் கடல் ஏறி, ஆறு ஏறி, கால்வாய் ஏறி, சாக்கடை மூடிகளின் ஓட்டை வழியே தண்ணீர் சந்துக்குள் பொங்கும். வானத்திலிருந்து ஒரு சொட்டு விழாவிட்டாலும் பொங்கும். அதற்காகவே சந்துக்காரர்கள் முந்தின நாள் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்திவிடுவார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவள் நான், பௌர்ணமிக்கு ஓதம் ஏறும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் என் மேசையில் இருந்தது பள்ளிக்கூட நாள்காட்டி. அதில் அது வெறும் வெள்ளிக்கிழமை.

போய் இறங்கியதும் ஐந்தாம் அக்கா சொன்னார்: "இன்னிக்கு முழு நிலா. நாலரைக்கு மேல பிள்ளைங்கள வெச்சிருக்காதீங்க." நானும் சரி என்றேன். நாலரைக்குக் கூட்டவும் செய்தேன். ஆனால் பள்ளி இதழுக்குக் குழுப்படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒருவன் கண்ணை மூடினான், இன்னொருத்தி தள்ளி நின்றாள், சந்துக்காரர்களும் படத்தில் வேண்டும் என்று நானே ஆசைப்பட்டுக் கூப்பிட்டேன். படம் முடிந்தபோது மணி ஐந்தாகப் போகிறது, மழையும் பிடித்துக்கொண்டது. பள்ளியில் வாங்கித் தந்திருந்த மெல்லிய மஞ்சள் மழைக்கோட்டுகளைப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். இது முதல் தவறு.

"மிஸ், ஹோவா அம்மாகிட்ட பை சொல்லிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்றாள் மது. நான் மழைக்கோட்டு பிரித்துக்கொண்டே தலையாட்டினேன். தலையாட்டியது எனக்கே நினைவில் பதியவில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் சாக்கடை மூடிகள் குமிழியிட ஆரம்பித்தன. தண்ணீர் கறுப்பாகக் கணுக்காலுக்கு வந்தது. பெரிய தெருவில் நின்ற பேருந்தின் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் கதவருகே நின்று எண்ணி எண்ணி ஏற்றினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது மஞ்சள் கோட்டு சந்திலிருந்து ஓடி வந்தது. கோட்டின் தலைமூடியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து என்னவோ சொன்னது. மழையிலும் ஹாரனிலும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஏறு, ஏறு, உள்ளே போய்ப் பேசிக்கலாம்" என்று தோளைப் பிடித்து உள்ளே தள்ளினேன். பன்னிரண்டு. கதவு மூடியது. இது இரண்டாவது தவறு.

கால் மணி நேரத்தில் பாலத்தின் மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். எங்களோடு வந்திருந்த உதவி ஆசிரியை துயெட் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டே பின்வரிசைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். கடைசி இருக்கையில் மஞ்சள் கோட்டுக்குள் ஒரு பிள்ளை சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தது. துயெட் தலைமூடியைத் தள்ளினாள். லான்.

துயெட் குனிந்து கேட்க, லான் விக்கி விக்கிச் சொன்னாள். மது அக்கா இன்னும் ஹோவா அம்மாள் வீட்டிலேயே இருக்கிறாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சரைக் கூட்டிக்கொண்டு வா என்று தன் மழைக்கோட்டை மாட்டி அனுப்பினாள். டீச்சர் பேச விடாமல் வண்டியில் ஏற்றிவிட்டார்.

நன்றாகக் கவனியுங்கள். உதவி கேட்டு ஒரு பிள்ளை ஆள் அனுப்பியிருக்கிறது. அந்த ஆளை நான் எண்ணிக்கையில் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். என் பிள்ளை ஒருத்தி தண்ணீருக்குள், அடுத்தவர் பிள்ளை ஒருத்தி என் வண்டிக்குள்.

பேருந்து திரும்ப இடமே இல்லை. மற்ற பதினொரு பேரையும் துயெட்டிடம் ஒப்படைத்து, பள்ளிக்குப் போய்ச் சேரச் சொன்னேன். "ஆபீசுக்கு நான் போன் பண்ணிடவா?" என்று கேட்டாள். "வேண்டாம், நான் பண்ணிக்கிறேன்" என்றேன். பண்ணவில்லை. பத்து நிமிடத்தில் மதுவைக் கண்டுபிடித்துவிட்டால் எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும் என்று ஒரு நினைப்பு. பயந்தவர்களுக்கு இந்த நினைப்பு ரொம்ப நியாயமாகத் தெரியும்.

லானின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஒரு வாடகை மோட்டார் பைக்கை நிறுத்தினேன். ஓட்டுநர், நடுவில் லான், பின்னால் நான். பாலத்தின் இறக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. மதுவின் அப்பா.

"மேடம், கெளம்பிட்டீங்களா? மது போன் சுவிட்ச் ஆஃப்னு வருது."

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"கெளம்பிட்டோம் சார். பஸ்லதான் இருக்கா. ஒரே டிராஃபிக்."

"சரி மேடம். உங்ககூட இருக்கான்னா எனக்குக் கவலயில்ல."

போனைப் பைக்குள் போட்டேன். லான் ஒரு வார்த்தையும் புரியாமல் திரும்பி என்னைப் பார்த்தாள்.

சந்து முனையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஐந்தாம் அக்கா பாவாடையாகச் சுற்றிய பிளாஸ்டிக் தாளோடு, "லான்! லான்!" என்று கத்திக்கொண்டு வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டார். முதுகில் ஓர் அடியும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடந்ததை உடைந்த வியட்நாமியத்தில் கொட்டினேன். திட்டுவார் என்று நின்றேன்.

"எந்த வீடு?"

"ஹோவா அம்மா."

நான் தண்ணீருக்குள் பாய்ந்தேன். அவர் என் மேல்கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். நகம் பதியுமளவு பிடி.

"நில்லுங்க! கரண்டு."

அந்த வீடுகளில் பிளக்குகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் அங்கேயே நின்று, சந்து முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "அணைச்சாச்சு" என்று பதில் வந்தது. ஒரு வீட்டிலிருந்து வரவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். நான் "போகலாம், போகலாம்" என்று தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் என் கையை விடவே இல்லை. கடைசியில் அந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கையை அசைத்த பிறகுதான் "இப்ப வாங்க" என்றார். இரண்டு நிமிடம் இருக்கும். பத்தொன்பது வருட வேலையில் அதைவிட நீண்ட நேரத்தை நான் பார்க்கவில்லை. ஓடத் துடிக்கிற காலை நிறுத்தி வைப்பதும் காப்பாற்றுவதில் ஒரு பாதி என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

ஹோவா அம்மாளின் அறை இருட்டாக இருந்தது. அண்ணன் மகன் செங்கல் வைக்காமல் வேலைக்குப் போயிருந்தான். தாழ்வான மரக்கட்டிலின் பலகை வரை தண்ணீர். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில், தொடை நனைய மது நின்றுகொண்டிருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தன் தோள்மேல் ஏற்றி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். மருந்துப் பை, அரிசி டப்பா, அவளுடைய நனைந்து செத்த போன் எல்லாம் அலமாரிக்கு மேலே ஏறியிருந்தன.

"மிஸ், லான் சொன்னாளா? விட்டா நனைஞ்சிடும் மிஸ். மாவுக்கட்டு நனையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களாம்."

"நீ முதல்ல வெளிய வாடீ!" என்று கத்தினேன். ஆசிரியைக்குரிய மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"இவங்கள யாரு மிஸ் புடிச்சுப்பா?"

ஐந்தாம் அக்கா என்னைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆண்கள் இருவரைக் கூப்பிட்டார், செங்கல் வந்தது. ஒவ்வொரு மூலையாகத் தூக்கி அடுக்கினோம். நானும் தூக்கினேன். கட்டில் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பிய பிறகுதான் மது காலை மெதுவாகக் கீழே இறக்கிவைத்தாள். மாவுக்கட்டில் ஈரம் படவே இல்லை.

அப்போது என் போன் மறுபடி அடித்தது.

"மேடம், ஆறேகால் ஆகுது. எங்க இருக்கீங்க?"

இப்போது பயப்பட எதுவும் இல்லை. பிள்ளை பத்திரமாக என் முன்னால் நிற்கிறாள். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? ஆனால் ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்ததைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

"இன்னும் டிராஃபிக்தான் சார். பக்கத்துலதான் உக்காந்திருக்கா. இதோ, பேசுங்க."

போனை மதுவிடம் நீட்டினேன். இது மூன்றாவது தவறு. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கணக்கு வகுப்பில் கடினமான கேள்வி கேட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு போனை வாங்கி, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றபடி சொன்னாள்:

"ஆமாப்பா. பஸ்லதான் இருக்கேன். பசிக்குதுப்பா, வந்து சாப்பிடறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். ஹோவா அம்மாளுக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டும்போதும் அவள் அப்படித்தான் சிரிப்பாள். எனக்கும் அன்று ஏதோ தேவைப்படுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் அக்காவுக்குத் தமிழ் தெரியாது. "அப்பாவா? வர்றாரா?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் நான் என்ன சொல்வது?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரியும் இல்லை, என்னால் எட்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. வாசற்படியில் நின்று மதுவின் அப்பாவைப் போனில் திரும்பக் கூப்பிட்டேன். "சார், நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். ரெண்டு தடவ" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "அங்கயே இருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கும் பேசினேன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அடுத்த இரண்டு பருவம் சேவை வகுப்பு என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. நியாயம்தான்.

ஒரு மணி நேரத்தில் மதுவின் அப்பா வந்தார். பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நடந்து வந்தார். மது ஐந்தாம் அக்காவின் கடை மேசைமேல் துண்டு போர்த்தி உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் மாவுக்கட்டுக் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். அவள் தலையைத் துவட்டினார். பிறகு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி வந்ததுக்கு உங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன் மேடம். ஆள் மாறிப் போனதுகூட யாருக்கும் நடக்கும். ஆனா என் பொண்ணு இதுவரைக்கும் எங்கிட்ட பொய் சொன்னதில்ல."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மது மேசையிலிருந்து இறங்கி வந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"சாரிப்பா. மிஸ் பாவம்ப்பா, ரொம்பப் பயந்துட்டாங்க. அதான் சொன்னேன்."

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளுக்குத் தொண்டு கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று நீங்கள் கிளம்புவீர்கள். கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை. அவர்கள் உதவத் தயாராகத்தான் வருகிறார்கள், யாருக்கு எதற்கு என்று கேட்காமல் கை நீட்டிவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஏதாவது தவறு நடந்தால் முதல் போன் பெற்றவர்களுக்குப் போகட்டும். கை நடுங்கினாலும் போகட்டும். அன்று மது இரண்டு பேரைத் தாங்கிப் பிடித்தாள். அதில் என்னைத் தாங்கியதற்கு மட்டும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.